டவர் ஸ்பீக்கரா, சின்ன ஸ்பீக்கரோடு சப்வூஃபரா?

ஆறரை அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான கூம்பு) கொண்ட புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று பல வருடமாக என்னிடம் இருக்கிறது. குரலும் வயலினும் அதில் அவ்வளவு இயல்பாக வரும். ஆனால் 55 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் கைவிரித்துவிடும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பியானோவின் இடது ஓரக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். கூடவே ஒலிக்கும் மேல் சுரங்களை வைத்து அங்கே என்ன வாசிக்கிறார்கள் என்று காது கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கனம் மட்டும் வராது.

இதற்கு இரண்டு வழி தெரிந்தது. சின்ன ஸ்பீக்கரைக் கொடுத்துவிட்டு ஆளுயரத்தில் பாதி நிற்கும் டவர் ஜோடிக்குப் போகலாம். அல்லது இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனிப் பெட்டியான சப்வூஃபர் ஒன்றைச் சேர்க்கலாம். ஊருக்குப் போன நண்பர் தன் டவர்களை மூன்று வாரம் என்னிடம் விட்டுச் சென்றதால் முதல் வழியை என் அறையிலேயே கேட்டுப் பார்த்தேன். அதன் பிறகு நான் வாங்கியது பத்து அங்குல சப்வூஃபர், மூடிய பெட்டி வகை. ஒன்றரை வருடம் ஆகிறது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

வசதி என்று பார்த்தால் டவர்தான். இரண்டு வயர், அவ்வளவே. கூடுதல் பிளக் பாயிண்ட் வேண்டாம், திருப்பிப் பார்க்கக் குமிழ் எதுவும் இல்லை, வேறுவேறு பெட்டிகளின் ஒலியை ஒன்றோடொன்று இணைக்கும் பாடும் இல்லை. அதை வடிவமைத்தவரே எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். உள்ளே வைத்த அன்று மாலையே உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும் என்பவருக்கு இதற்கு மேல் யோசனை தேவையில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம். அது பெட்டியை வைக்கும் இடம்.

என் அறையின் நீளம் 4.2 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி போய்த் திரும்பும்போது, அரை அலைநீளம் அறையின் நீளத்துக்குச் சமமாகும் அதிர்வெண்ணில் அறையே சேர்ந்து ஒலிக்கும். 343-ஐ 8.4-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் அந்தத் தடித்த தந்தி நிற்கும் இடமும் அதுதான். நான் உட்காருவது பின்சுவர்ப் பக்கமாக, இந்த அலை வீங்கி நிற்கும் பகுதியில்.

டவர்களை முன்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தபோது பாடகர் நடுவில் வந்து நின்றார், கருவிகள் தனித்தனியே விலகின. மேடை கண்ணுக்குத் தெரிவது போல இருந்தது. ஆனால் பேஸ் கிட்டார் அந்தத் தந்தியைத் தொட்டபோதெல்லாம் அறை முழுக்க ஒரு உறுமல். அதே சுரத்தின் அடுத்த ஸ்தாயியில், 82 ஹெர்ட்ஸில் வாசித்தால் ஒலி மெலிந்து உள்ளே போய்விடும். இதற்கும் காரணம் அந்த ஒரு மீட்டர்தான். பின்னால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அரை அலைநீளம் தாமதித்து வந்து நேர் ஒலியை அழிக்கும். ஒரு மீட்டர் தூரத்துக்கு அது 86 ஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது. ஒரே தந்தி வாத்தியத்தில் ஒரு சுரம் இடிக்கிறது, அதன் அண்ணன் தம்பியான இன்னொன்று காணாமல் போகிறது. இசையமைத்தவர் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

டவரை நகர்த்திப் பார்த்தேன். சுவரோடு ஒட்டினால் 82-இல் இருந்த பள்ளம் குறைந்தது, மேடை தட்டையாகிவிட்டது, உறுமலும் ஏறியது. இன்னும் முன்னால் இழுத்தால் அறையில் நடக்க இடமில்லை. குரலும் வயலினும் நன்றாகக் கேட்கும் இடம் ஒன்று, பேஸ் நன்றாகக் கேட்கும் இடம் வேறொன்று. டவரில் இரண்டும் ஒரே மரப்பெட்டிக்குள் இருப்பதால் ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். சப்வூஃபர் இருந்தால் அவற்றைப் பிரித்துவிடலாம். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் சொல்ல முடியாது என்பதால், பெட்டி ஸ்பீக்கர்களுக்கு நடுவில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இடம் தேட ஒரு பழைய முறை உண்டு. சப்வூஃபரைத் தூக்கி நாம் உட்காரும் நாற்காலியிலேயே வைத்து, ஏறி இறங்கும் பேஸ் வரிசை ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டும். பிறகு தரையோடு தவழ்ந்து, சுவரோரமாக ஒவ்வொரு இடத்திலும் காதைத் தாழ்த்திக் கேட்க வேண்டும். எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடத்தில் பெட்டியை வைத்தால், நாற்காலியிலும் அப்படியே கேட்கும். ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் இடைப்பட்ட அறை ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. எனக்குக் கிடைத்த இடம் பக்கச் சுவரில், அறை நீளத்தின் பாதிக்குச் சற்று முன்னால். நீளவாட்டில் நடுப்பகுதி அந்த 41 ஹெர்ட்ஸ் அலையின் அழுத்தம் ஏறி இறங்காத புள்ளி. அங்கிருந்து தள்ளினால் அறை அவ்வளவாகச் சேர்ந்து ஒலிப்பதில்லை. உறுமல் பெருமளவு அடங்கியது. 82-இல் இருந்த பள்ளமும் ஓரளவு நிரம்பியது. முழுதாக நிரம்பவில்லை, ஏனென்றால் அந்தப் பகுதியில் சின்ன ஸ்பீக்கர்களும் சேர்ந்தே ஒலிக்கின்றன.

வைத்த இடத்திலிருந்து வேலை தொடங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கிராஸ்ஓவர் (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப்வூஃபர் ஒலிக்க வேண்டும் என்பது), ஒலி அளவு, ஃபேஸ் (அதன் அலை ஸ்பீக்கரின் அலையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்பது) என்று மூன்று குமிழ். மூன்றையும் ஒரே நாளில் திருப்பினால் எது எதைக் கெடுத்தது என்றே தெரியாது. நான் முதலில் ஃபேஸைப் பார்த்தேன். ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சந்திக்கும் பகுதியில் ஒரு சுரத்தை ஓடவிட்டு, 0, 180 இரண்டில் எது உரக்கக் கேட்கிறதோ அதில் விட்டேன். மெலிந்து கேட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன என்று பொருள். கிராஸ்ஓவருக்கு ஆண் குரலில் வெறும் பேச்சைப் போட்டேன். பேசுபவரின் நெஞ்சு கனத்து, குரல் சுவர்ப் பக்கம் இழுபட்டால் குமிழ் மேலே இருக்கிறது. கடைசியில் 70 ஹெர்ட்ஸில் வந்து நின்றது. ஒலி அளவை முதல் வாரம் வைத்ததிலிருந்து மூன்று முறை குறைத்திருக்கிறேன். புதிதாக வாங்கியவர் எல்லோரும் கூடுதலாகத்தான் வைப்பார்கள்.

என் ஆம்ப்ளிஃபயரில் சப்வூஃபருக்கென்று தனி வெளியீடு இல்லை. அது தடையாகவில்லை. ஸ்பீக்கர் முனையிலிருந்தே வயர் எடுத்துச் சப்வூஃபரின் ஹை லெவல் உள்ளீட்டில் கொடுத்தேன். அது இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம், ஆம்ப்ளிஃபயருக்குப் பாரமே இல்லை. ஆனால் சில ஆம்ப்ளிஃபயர்களில், முக்கியமாகப் பல டி வகுப்பு ஆம்ப்ளிஃபயர்களில், கறுப்பு முனையிலும் சிக்னல் ஓடும். அதைப் பொதுவான கிரவுண்டோடு இணைத்தால் ஆம்ப்ளிஃபயர் கெட்டுப்போகலாம். இரண்டு கருவிகளின் கையேட்டையும் படித்துவிட்டு வயரைத் தொடுங்கள்.

மூடிய பெட்டியா, துளை வைத்ததா என்ற கேள்வியும் வரும். துளை வைத்தது, பெட்டியும் துளையும் சேர்ந்து ஒலிக்கும் இசைவு அதிர்வெண்ணை ஒட்டி அதிக ஒலி தரும். அதற்குக் கீழே ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு ஸ்தாயிக்கும், 24 டெசிபெல் வேகத்தில் விழும். மூடியது 12 டெசிபெல் வேகத்தில், மெதுவாக இறங்கும். சிறிய அறை கீழே தானாகக் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதால் அந்த மெதுவான இறக்கம் அதோடு பொருந்துகிறது. துளை வகையை நான் சில நாள்தான் கேட்டேன், அதனால் அதைப் பற்றி அழுத்திப் பேச எனக்குத் தகுதியில்லை.

டவர் என்னுடையதை வென்ற இடமும் உண்டு. 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை, டிரம்ஸின் அடி நெஞ்சில் படும் பகுதி. அங்கே அதன் கூடுதல் கூம்புப் பரப்பு பேசியது. சப்வூஃபர் அந்த உயரத்துக்கு வருவதே இல்லை. உரக்க வைத்துக் கேட்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். என் சின்ன ஸ்பீக்கரின் பாரத்தையும் சப்வூஃபர் குறைக்கவில்லை, ஏனென்றால் கீழ் ஒலியை அதற்குப் போகாமல் தடுக்கும் ஹை பாஸ் வடிகட்டி என் ஆம்ப்ளிஃபயரில் இல்லை. ஒரே ஒலி அளவுக்கு ஒரு ஆக்டேவ் கீழே போனால் கூம்பு நான்கு மடங்கு அசைய வேண்டும். அந்த வடிகட்டி இருக்கும் ஆம்ப்ளிஃபயர் உங்களிடம் இருந்தால் இந்த ஒப்பீடு இன்னும் ஒரு படி சப்வூஃபர் பக்கம் சாயும். பெரிய கூடத்தில், சுவர்களை விட்டு நன்றாகத் தள்ளி வைக்க இடமிருந்தால், டவர் பக்கம் சாயலாம். அப்படிப்பட்ட இடத்தில் நான் வாழ்ந்து கேட்டதில்லை.

இப்போது மிச்சமிருப்பது பின்வரிசைப் பிரச்சினை. என் நாற்காலியில் அடங்கிய அந்த 41 ஹெர்ட்ஸ், பின்சுவரோடு ஒட்டிப் போட்ட சோபாவில் இன்னும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது. சோபாவை ஒரு முழம் முன்னால் நகர்த்திப் பார்த்துவிட்டு, அதிலும் தீராவிட்டால் எதிர்ப் பக்கச் சுவரில் இரண்டாவது சப்வூஃபர் வைக்கும் யோசனை இருக்கிறது.