வில்லியம்சன் மரப்பெட்டி கேமரா: நூறு வருஷம் கழித்து ஒரு ரிவ்யூ

மௌனப்பட காலத்து மெட்ராஸை வைத்துக் கதை எழுதக் கிளம்புகிறவர்கள் டிராம், ஜட்கா, பஞ்சகச்சம் எல்லாவற்றையும் தேடிப் பிடித்துவிடுகிறார்கள். கேமரா வரும் இடத்தில் மட்டும் சறுக்கல். முக்காலியில் எதையோ நிறுத்தி, யாரையோ ‘ஆக்‌ஷன்’ என்று கத்தவைத்து, அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பெட்டி என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்திருந்தால் காட்சியே வேறு மாதிரி அமைந்திருக்கும். இன்று எந்தக் கடையிலும் கிடைக்காத பொருளுக்கு ரிவ்யூ எழுத அது போதுமான காரணம்.

பொருள், இங்கிலாந்தின் வில்லியம்சன் கம்பெனி செய்த 35 மி.மீ. கைச்சுழற்சி கேமரா. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படத்தை எடுத்த தாதாசாகேப் பால்கே 1912இல் லண்டன் போய் 50 பவுண்டுக்கு வாங்கியது இதைத்தான். பவுண்டுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய கணக்கில் 750 ரூபாய். மெட்ராஸில் ஆர். நடராஜ முதலியார் தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான ‘கீசக வதம்’ எடுத்ததும் வில்லியம்சனில்தான். தஞ்சாவூரைச் சேர்ந்த மூப்பனார் ஒருவரிடமிருந்து கேமராவும், நெகட்டிவிலிருந்து திரைக்கான பிரதி எடுக்கும் பிரிண்டரும் சேர்த்து 1,800 ரூபாய்க்கு வாங்கினார். கைமாறிய சரக்குக்கு விலை கொஞ்சம் கூடத்தான் என்று தோன்றும். ஆனால் கேமராவும் பிரிண்டரும் ஒரே கம்பெனியாக இருப்பது அந்தக் காலத்தில் பெரிய வசதி. பிலிமின் ஓரத் துளைக்கும் பிரேம் கோட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கம்பெனிக்குக் கம்பெனி இஷ்டத்துக்கு வைத்திருந்தார்கள். ஜோடி பொருந்தாவிட்டால் திரையில் ஆளின் தலை கீழேயும் கால் மேலேயும் வந்து நிற்கும்.

வெளியே பார்த்தால் பித்தளை மூலை வைத்த மரப்பெட்டி. உள்ளே ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு மேகஸின், ஒவ்வொன்றிலும் 400 அடி பிலிம். மேலே இருப்பது கச்சா, கீழே இறங்குவது எடுத்து முடித்தது. நடுவில் ‘கிளா’ என்கிற இரும்பு நகம் ஓரத் துளையில் மாட்டி, பிரேம் பிரேமாகப் பிலிமை இழுத்து இறக்கும். ஒரு அடிக்கு 16 பிரேம். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் 8 பிரேம், நொடிக்கு இரண்டு சுற்று என்றால் 16. அதாவது நொடிக்கு ஒரு அடி. 400 அடி 6 நிமிஷம் 40 நொடியில் தீரும். ‘கீசக வதம்’ 6,000 அடி என்கிறார்கள். ஒரு டேக்கும் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் 15 முறை பெட்டியைத் திறந்து லோடு பண்ணியாக வேண்டும்.

லோடு பண்ணுவதில்தான் பாதிச் சங்கடம். லென்ஸுக்குப் பின்னால் பிலிம் நிற்கும் சட்டத்துக்கு ‘கேட்’ என்று பெயர்; அதற்கு மேலும் கீழும் பிலிமைத் தளர்வாக ஒரு வளைவு விட வேண்டும். இந்த லூப் சிறுத்துப் போனால் நகம் இழுக்கும்போது துளை கிழியும். பெருத்தால் பெட்டிச் சுவரில் உரசிக் கீறல் விழும். மேகஸின் வாயில் வெளிச்சம் புகாமல் இருக்க வெல்வெட் ஒட்டியிருக்கும். அதில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், ரீல் முழுக்க ஒரே நேர்கோடு. பழைய படங்களில் ‘மழை’ பெய்கிறதே, அதில் ஒரு பங்கு இப்படி வந்தது. கீழ் மேகஸினைச் சுற்றும் பெல்ட் வழுக்கினால் இன்னும் மோசம். எடுத்த பிலிம் சுருளாமல் பெட்டிக்குள்ளேயே இடியாப்பமாகக் குவிந்துவிடும். மழைக்காலத்தில் மரம் ஊறிக் கதவு இறுகுவதும் உண்டு. மெட்ராஸ் புழுக்கத்தால் ஒரே ஒரு லாபம்: வறண்ட குளிர் ஊர்களில் பிலிம் உரசி மின்பொறி கிளம்பி, நெகட்டிவில் மரக்கிளை மாதிரி கோடு விழும். அந்தத் தொல்லை இங்கே குறைவு.

இனி கைப்பிடி. மோட்டார் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. கை ஓய்ந்தால் தண்டனை இரட்டை. 16இலிருந்து 12க்கு வேகம் இறங்கினால் ஒவ்வொரு பிரேமிலும் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் கூடுதலாக விழுந்து படம் வெளிறும். அதே துண்டு தியேட்டரில் வழக்கமான வேகத்தில் ஓடும்போது ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள். சண்டைக் காட்சிக்கு வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவதும் உண்டு, அது வேறு கணக்கு. ஷட்டர் பாதித் திறப்பு என்றால் எக்ஸ்போஷர், அதாவது ஒரு பிரேமில் வெளிச்சம் விழும் நேரம், 1/32 நொடி. லைட் மீட்டர் இல்லை. ஷாட் நடுவில் மேகம் வந்தால் வலது கை தாளம் தப்பாமல் சுற்ற, இடது கை லென்ஸின் துவாரமான அபெர்ச்சரைத் திறக்க வேண்டும். காட்சியை மெல்ல இருட்டாக்கும் ஃபேட் அவுட்டும் அப்படியே, இடது கை வேலை. கேமராவைப் பக்கவாட்டில் திருப்ப முக்காலியில் இன்னொரு கைப்பிடி உண்டு. இரண்டு கையும் இரண்டு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதால் அதை அதிகம் யாரும் தொடவில்லை. உங்கள் நாவலில் கேமரா குதிரையைத் துரத்தினால், தயவுசெய்து அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள்.

பெட்டி ஜெயிக்கும் இடம் தந்திரக் காட்சி. சுற்றுக்கு ஒரே பிரேம் என்று ஓட்டும் வழி இந்த வகைக் கேமராக்களில் உண்டு. பால்கே தொடக்கத்தில் எடுத்த ஒரு குறும்படம் பட்டாணிச் செடி முளைத்து வளர்வதுதான், நாளுக்கு ஒரு பிரேமாக. லென்ஸை மூடிப் பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி அதன் மேலேயே மறுபடி எடுத்தால் கடவுள் புகைபோலத் தோன்றுவார். சுற்றை எண்ணுவதில் ஒன்று தப்பினாலும் கடவுள் ஆளின் தோளில் நிற்பார். நம் ஆட்கள் புராணக் கதையாகப் பார்த்துப் பிடித்ததில் பக்திக்கு மட்டுமல்ல, இந்த வசதிக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

உடையைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அன்றைய பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. குங்குமம், அரக்குப் பட்டு, வெற்றிலைச் சிவப்பு ஏறிய உதடு எல்லாம் கறுப்பு. நீல வானம் வெறும் வெள்ளை. சிவப்பு விளக்கில் பிலிமைத் தைரியமாகக் கையாள முடிந்ததும் இதனால்தான். பால்கே வீட்டில் மனைவி சரஸ்வதிபாய் ராத்திரியில் உட்கார்ந்து கச்சா பிலிமுக்குத் துளை போட்டார்.

முதலியாரின் ஸ்டுடியோவில் கூரைக்குப் பதில் மெல்லிய வெள்ளைத் துணி. வெயில் அதில் வடிந்து இறங்கும், அதுதான் லைட்டிங். ஆகவே அங்கே ராத்திரி ஷூட்டிங் எழுதாதீர்கள். ராத்திரிக் காட்சி வேண்டுமென்றால் பகலில் எடுத்து, பிரிண்டை நீலச் சாயத்தில் முக்குவது அந்தக் காலத்து வழக்கம்.

இந்தப் பெட்டியின் பெரிய குறை, எடுத்தது என்னவென்று கழுவும்வரை தெரியாது. மெட்ராஸ் வெக்கையில் கழுவவும் முடியாது, வெதுவெதுப்பான தண்ணீரில் பிலிமின் மேல் பூசிய ஜெலட்டின் ஊறி இளகி, ஓரத்தில் பெயரத் தொடங்கும். அதனால் முதலியார் லேபைப் பெங்களூரில் வைத்தார். வாரக் கடைசியில் நெகட்டிவோடு அங்கே போய்க் கழுவிவிட்டு, திங்கள் காலை திரும்பி ஷூட்டிங். எடுத்துச் செல்வது நைட்ரேட் பிலிம், தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. செவ்வாய்க்கிழமை லூப் சிறுத்துத் துளை கிழிந்திருந்தால் அது தெரிவதே சனி, ஞாயிறில். கீசகன் மீசையை எடுக்காமல் அதுவரை காத்திருக்க வேண்டும்.