ஒரே இன்ஜின், வேறு பின் அச்சு: 2013, 2015 மஸ்டாங் ஜிடி

பின் அச்சின் ரப்பர் புஷ்களை மாற்றி 2013 ஃபோர்டு மஸ்டாங் ஜிடியைப் பட்டறையிலிருந்து எடுத்து வந்த வாரத்திலேயே, பழைய மஸ்டாங் வாங்க நினைக்கும் நண்பர் ஒருவர் எந்தத் தலைமுறை நல்லது என்று கேட்டார். என்னிடம் அடுத்த தலைமுறையின் 2015 ஜிடியும் இருப்பதால், மிச்சிகன் சாலைகளில் இரண்டையும் ஆண்டுக்கணக்கில் ஓட்டிய அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

இன்ஜினை வைத்து முடிவெடுக்க வழியில்லை. இரண்டிலும் கொயோட்டி எனப்படும் 5.0 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8தான்; 420 குதிரைத்திறன் 435 ஆனது, அவ்வளவே. வேறுபாடு முழுவதும் பின் அச்சில் இருக்கிறது. 1999இல் வந்த மஸ்டாங் கோப்ரா போன்ற சில மாடல்களை விட்டுவிட்டால், 1964 முதல் அரை நூற்றாண்டுக் காலம் மஸ்டாங்கின் பின் சக்கரங்கள் ஒரே திட அச்சில்தான் பூட்டப்பட்டிருந்தன. 2015இல்தான் எல்லா மாடல்களுக்கும் சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன் வந்தது.

பனிக்காலம் முடிந்ததும் எங்கள் சாலைகள் வெடித்துக் குழி குழியாகிவிடும். வளைவில் திரும்பும்போது 2013இன் ஒரு பின் சக்கரம் குழியில் விழுந்தால், அச்சு முழுவதும் சாய்ந்து மறு சக்கரத்தின் பிடியும் தளர்ந்துவிடுகிறது. போதாததற்கு, அச்சைப் பக்கவாட்டில் நிறுத்தும் பேன்ஹார்ட் ராடின் ஒரு முனை உடற்சட்டத்திலும் மறுமுனை அச்சிலும் பிணைந்திருப்பதால், அச்சு நேராக எழாமல் வில் போன்ற பாதையில் ஒரு பக்கம் நகர்கிறது. இருக்கைக்கு அடியில் வண்டி இடுப்பை வெட்டித் திருப்புவது போன்ற அந்த அசைவு எனக்கு இன்றுவரை பழகவில்லை. இவ்வளவு வலுவான இன்ஜினைக் கொடுத்துவிட்டு, அந்த வலுவைத் தரையில் இறக்கும் பாகத்தில் இப்படிச் சிக்கனம் பிடித்திருக்க வேண்டாம் என்று ஒவ்வொரு வசந்த காலத்திலும் கோபம் வருகிறது.

அதே வளைவில் 2015 குழியை வாங்கிக்கொண்டு நேரே போகிறது. ஸ்டியரிங்கில் திருத்த எதுவும் இல்லை. நெடுந்தூரப் பயணத்தில் முதுகுவலி இல்லாமல் இறங்க முடிவதும் இதில்தான்.

ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நின்ற நிலையிலிருந்து முழு விசையில் கிளம்பும்போது 2015இன் பின் சக்கரங்கள் சில சமயம் தத்தித் தத்தி அதிர்கின்றன. 2013 பின்பக்கம் அழுந்தி, சாலையைக் கவ்வி, ஒரே மூச்சில் புறப்படுகிறது. நேர்சாலையில் நின்ற நிலையிலிருந்து சீறிப் புறப்படும் டிராக் (drag) பந்தயக்காரர்கள் திட அச்சை விடாமல் பிடித்துக்கொண்டதன் காரணம் அந்த ஒரு நொடியில் விளங்கிவிடும். அதோடு, நிமிர்ந்த முன்கண்ணாடியும் சதுரமான முன்பக்கமும் கொண்ட 2013இல் வண்டியின் விளிம்புகள் எங்கே முடிகின்றன என்பது ஓட்டுபவருக்குத் தெளிவாகத் தெரிகிறது.

நண்பரிடம் 2015ஐத்தான் வாங்கச் சொன்னேன். என் இரண்டில் ஒன்றை விற்க நேர்ந்தால், விற்பதும் 2015ஐத்தான். இது ஆகஸ்ட் மாதம். டெட்ராய்ட்டின் வுட்வர்ட் அவென்யூ சாலை நேராகவும் வழவழப்பாகவும் கிடக்கிறது. ஏப்ரலில் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.