மேடைக்கான பேஸ் கிட்டார் செட்டப்: நீண்ட காலப் பயன்பாட்டில் தாக்குப்பிடித்ததும் கைவிட்டதும்

34 அங்குல ஸ்கேல் (ஸ்டிரிங் அதிரும் நீளம்) கொண்ட நாலு ஸ்டிரிங் பாசிவ் (உள்ளே பேட்டரி இல்லாத) பேஸ், ட்யூனர் பெடல், மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர், சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரஸர், பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் டிஐ பாக்ஸ், 500 வாட் கிளாஸ் டி ஹெட் (எடை குறைந்த ஆம்ப்), 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று கொண்ட 8 ஓம் 1×12 கேபினெட் இரண்டு. இந்தப் பகிர்வு இவற்றைப் பற்றியது. புதிதாக வாங்கியபோது எல்லாமே நன்றாகத்தான் ஒலிக்கும். தூக்கி, ஏற்றி, இறக்கி, வெயிலிலும் ஏசியிலும் மாறி மாறி வாசித்த பிறகுதான் எதற்குச் செலவழித்தது சரி, எதற்குச் செலவழித்தது வீண் என்று பிடிபடும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சவுண்ட் சிஸ்டம் உள்ள மேடையில் கூட்டத்தின் காதுக்குப் போகும் பேஸ், டிஐ வழியாக மிக்ஸருக்குப் போகிற பேஸ்தான். ஆம்ப் வாசிப்பவருக்கும் பக்கத்தில் இருக்கும் டிரம்மருக்கும் மட்டுமே. ஆகவே முதலில் கருவியின் செட்டப், அடுத்து டிஐயும் கேபிளும், வாட் கடைசியில்.

பேஸ் தேர்வு செய்யும்போது பிக்கப் (ஸ்டிரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) அமைப்பைப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போகலாம். ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் 1951-ல் வந்தது. 1957-ல் அதன் பிக்கப்பை இரண்டு பாதிகளாக்கினார்கள். இரண்டும் எதிரெதிராக வேலை செய்வதால் மின் இரைச்சல் தானாகவே கழிந்துவிடும். டிம்மர் விளக்கும் எல்இடி திரையும் நிறைந்த மேடையில் இது பெரிய நிம்மதி. 1960-ல் வந்த அதே நிறுவனத்தின் ஜாஸ் பேஸில் இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப். இரண்டு வால்யூமையும் ஒரே அளவில் வைத்திருக்கும் வரை இரைச்சல் இருக்காது. ஒன்றைக் கொஞ்சம் இறக்கினாலே ‘ம்ம்ம்’ என்று எழும்பும். பின் பிக்கப்பை மட்டும் வைத்து வாசிப்பவர்கள் அதே அளவில் கிடைக்கும் இரைச்சலற்ற பிக்கப்பைப் போட்டுக்கொள்வது நல்லது. நட் (நெக்கின் தலைப்பக்க முனையில் ஸ்டிரிங் தாங்கும் பட்டை) அகலம் ஜாஸில் சுமார் 38 மி.மீ., பிரிசிஷனில் 41 முதல் 44 மி.மீ. வரை. கடையில் பத்து நிமிடம் வாசித்தால் இந்த வித்தியாசம் தெரியாது, மூன்று மணி நேர நிகழ்ச்சியின் முடிவில் இடது கட்டைவிரல் சொல்லும்.

ஆக்டிவ் (உள்ளே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ள) பேஸ் வாங்குவதானால் பாசிவுக்கு மாற்றும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 9 வோல்ட் பேட்டரி இறங்கும்போது முதலில் அழுத்தி அடிக்கும் நோட்டுகள் மட்டும் கரகரக்கும், பிறகு ஒலி சுருங்கும், பாட்டின் நடுவிலேயே நின்றும் போகும். ஜாக்கில் கேபிள் சொருகியிருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் வாசித்து முடித்ததும் உருவிவிட வேண்டும். அஞ்சு ஸ்டிரிங் வேண்டுமா என்பதைப் பாட்டுகளை வைத்து முடிவு செய்யுங்கள். கீழ் பி ஸ்டிரிங்கின் அடிநாதம் சுமார் 31 ஹெர்ட்ஸ். சிறிய கேபினெட்டில் அது வராது, அதன் இரட்டிப்பான 62 ஹெர்ட்ஸ்தான் காதில் விழும். கடைசியாக ஒரு சோதனை: ஸ்டிராப்பில் மாட்டி இரண்டு கையையும் எடுத்துவிடுங்கள். தலைப்பகுதி கீழே சாய்ந்தால் அந்தப் பேஸ் வேண்டாம். அதை இடது கை தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும்.

இனி செட்டப். பலரும் அலட்சியம் செய்வது இதைத்தான், அதிகப் பலன் தருவதும் இதுதான். சாதாரண விலைக் கருவியும் செட்டப் சரியாக இருந்தால் மேடையில் தலைநிமிர்ந்து நிற்கும்.

நிக்கல் ரவுண்ட்வௌண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) 45-65-85-105 தடிமன் ஸ்டிரிங் செட்டில் ஆரம்பிக்கலாம். ஸ்டீல் ஸ்டிரிங் இன்னும் பளிச்சென்று ஒலிக்கும், ஃபிரெட்டையும் சீக்கிரம் தேய்க்கும். ஃப்ளாட்வௌண்ட் (தட்டைக் கம்பி சுற்றியது) வருடக்கணக்கில் உழைக்கும், விரல் உரசும் சத்தமும் குறைவு. மாற்றும்போது நாலையும் ஒன்றாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால் நெக்கின் இழுவை கெடாது. ஸ்டிரிங்கை ட்யூனிங் போஸ்ட்டைத் தாண்டி 10 முதல் 12 செ.மீ. விட்டு, வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் இடுக்கியால் செங்குத்தாக மடக்குங்கள். மடக்கிய பிறகு மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் உள் கம்பியின் மேலுள்ள சுற்று நழுவிவிடும். ஸ்டிரிங் புதிதாக இருந்தும் செத்த ஒலிதான் வரும். போஸ்ட்டில் மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று போதும். கீழ்நோக்கிச் சுற்றினால்தான் நட்டின் மேல் ஸ்டிரிங் அழுந்தி உட்காரும். ட்யூன் செய்ததும் சேடிலுக்கு (உடல் பக்கம் ஸ்டிரிங் தாங்கும் துண்டு) முன்னால் விரலால் லேசாக அழுத்தி விடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டிரிங் அங்கே நேராக இறங்காமல் வில்லாக வளைந்து நிற்கும், சுருதி நிலைக்காது. நிகழ்ச்சியன்று ஸ்டிரிங் மாற்றுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் முன்னால் மாற்றி வாசித்திருந்தால் இழுபட வேண்டியது இழுபட்டிருக்கும்.

அடுத்து நெக் வளைவு. முதல் ஃபிரெட்டில் கேப்போ (ஸ்டிரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்), நெக் உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டில் ஒரு விரல். இப்போது 7, 8-ஆம் ஃபிரெட் பக்கம் ஸ்டிரிங்கின் அடிக்கும் ஃபிரெட் உச்சிக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டால் 0.3 முதல் 0.35 மி.மீ. இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் டிரஸ் ராடை (நெக்கின் உள்ளே அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் கம்பி) வலப்பக்கம், குறைந்தால் இடப்பக்கம் திருப்ப வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. திருப்பிய பிறகு மறுபடி ட்யூன் செய்து, சற்றுப் பொறுத்து அளக்க வேண்டும். கை பலத்துக்கு டிரஸ் ராட் அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். முறிந்த டிரஸ் ராடைச் சரிசெய்வது பெரிய வேலை.

வளைவு சரியான பிறகே ஸ்டிரிங் உயரம். 17-ஆம் ஃபிரெட்டில் ஈ ஸ்டிரிங்குக்கு 2.4 மி.மீ., ஜி-க்கு 2 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது இதைவிடத் தாழ்வாக வைக்கத் தோன்றும். ஆனால் மேடையில் கை தன்னையறியாமல் அழுத்தி அடிக்கும், அப்போது ஃபிரெட்டில் தட்டும் சத்தம் டிஐ வழியாக அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும். உயரம் முடிந்ததும் இன்டனேஷன் (நெக் முழுக்கச் சுருதி சரியாக இருப்பது): 12-ஆம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் அழுத்திய நோட்டையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய நோட்டு ஏறிக் காட்டினால் சேடில் பின்னால் போக வேண்டும், இறங்கிக் காட்டினால் முன்னால் வர வேண்டும். சேடிலை நகர்த்துமுன் ஸ்டிரிங்கைத் தளர்த்திக்கொள்ளுங்கள். பழைய ஸ்டிரிங்கில் இதைச் செய்து பயனில்லை, வியர்வையும் அழுக்கும் ஏறியது எங்கே நிறுத்தினாலும் பொருந்தாது. பிக்கப் உயரம் கடைசி: கடைசி ஃபிரெட்டை அழுத்திப் பிடித்தால் ஈ பக்கம் 3 மி.மீ., ஜி பக்கம் 2.5 மி.மீ. போல இடைவெளி. இதைவிட நெருங்கினால் காந்தம் ஸ்டிரிங்கை இழுத்து நோட்டு அலையும்.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். நெக்கைத் தொட்டால் உயரம் மாறும், உயரத்தைத் தொட்டால் இன்டனேஷன் மாறும். பின்னாலிருந்து ஆரம்பித்தால் வேலை முடியவே முடியாது.

கருவியிலிருந்து புறப்பட்டால் முதலில் ட்யூனர், பிறகு ஃபில்டர், கம்ப்ரஸர், டிஐ. ட்யூனர் பெடல் மியூட்டாகவும் வேலை செய்வதால் பேஸ் மாற்றும்போது ஸ்பீக்கரில் ‘டம்’ என்று அடிக்காது. பாஸ் (Boss) டியூ-3 போல பஃபர் (சிக்னலைப் பலப்படுத்தி அனுப்பும் சர்க்யூட்) உள்ளதாக இருந்தால் இன்னொரு லாபம் உண்டு. பாசிவ் பிக்கப்பின் சிக்னல் பலவீனமானது. நீளமான கேபிளிலும், உள்வாங்கும் தடை குறைந்த டிஐயிலும் அதன் உச்ச ஒலி மங்கும். முன்னால் ஒரு பஃபர் இருந்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. பஃபர் ஏதும் இல்லாத பாசிவ் பேஸுக்கு ஆக்டிவ் டிஐ பொருத்தம். பேட்டரியிலோ மிக்ஸர் தரும் 48 வோல்ட்டிலோ ஓடும். ஆக்டிவ் பேஸுக்கும் பெடல் வரிசைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பாசிவ் டிஐ பொருத்தம். இந்த வகையில் ரேடியல் ஜேடிஐ போன்றவற்றை நம்பி வாங்கலாம். மின்சாரம் வேண்டாம், உள்ளே கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை, டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் கிரவுண்ட் இரைச்சலும் அறுபடும்.

ஹைபாஸ் ஃபில்டர்தான் இந்த வரிசையில் அதிகம் மதிக்கப்படாத பொருள். ஈ ஸ்டிரிங்கின் அடிநாதம் 41 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இருப்பது விரல் இடிப்பு, மேடை அதிர்வு, மரத்தின் உறுமல்தான். கேபினெட்டின் போர்ட் (காற்றுத் துளை) தாங்கும் அளவுக்குக் கீழே போனால் ஸ்பீக்கர் கோன் ஒலியே எழுப்பாமல் முன்னும் பின்னும் வெறுமனே துள்ளும். கோன் கிழிவதும் காயில் அடிபடுவதும் பெரும்பாலும் அங்கேதான். 35 முதல் 40 ஹெர்ட்ஸில் வெட்டினால் ஆம்புக்கு மூச்சு கிடைக்கும், ஒலியும் இறுகும். கம்ப்ரஸரை 4:1 விகிதம், அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 20 முதல் 30 மில்லி செகண்ட், மீட்டரில் 3 முதல் 5 டெசிபல் இறக்கம் என்று வைத்தால் போதும். அட்டாக்கை இன்னும் வேகமாக்கினால் விரல் பதியும் அந்த முதல் தட்டு காணாமல் போய், பேஸ் பின்னால் ஒதுங்கிவிடும்.

பெடல்களுக்கு ஒவ்வொரு அவுட்டும் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளை வாங்குங்கள். ஒரே அடாப்டரிலிருந்து வரிசையாக இழுத்தால் டிஜிட்டல் பெடல் ஒன்று சேர்ந்த உடனேயே கீச்சென்ற சத்தம் நுழையும்.

ஆம்ப் விஷயத்தில் எல்லோரும் குழம்புவது ஓம் கணக்கில். 500 வாட் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் 4 ஓமுக்கு. ஒரு 8 ஓம் கேபினெட் மட்டும் மாட்டினால் பாதியோ அதற்குச் சற்று மேலோதான் கிடைக்கும். இரண்டு 8 ஓம் சேர்ந்தால் 4 ஓம், அதுதான் சரியான சுமை. இரண்டு 4 ஓம் கேபினெட் மாட்டினால் 2 ஓம் ஆகிவிடும். குறைந்தபட்சம் 4 ஓம் என்று பின்னால் அச்சிட்ட ஆம்ப் சூடாகி நின்றுவிடும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். ஆனால் அதே போன்ற இரண்டாவது கேபினெட்டைச் சேர்த்தால் கீழ் ஒலியில் 6 டெசிபல் வரை கூடும். எனவே பெரிய ஹெட்டுக்குப் பதில் இன்னொரு கேபினெட் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட் வால்வு ஹெட், எட்டு 10 அங்குல ஸ்பீக்கரோடு. அந்த முழக்கத்தில் ஸ்பீக்கர் பரப்பின் பங்கு மிகப் பெரியது. வால்வு ஆம்பைக் கேபினெட் இல்லாமல் ஆன் செய்யவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். கேபினெட்டுக்குப் போவது ஸ்பீக்கர் கேபிளாகவே இருக்கட்டும், முடிந்தால் ஸ்பீக்கான் (திருகிப் பூட்டும் வகை) முனையோடு. கிட்டார் கேபிளின் உள் கம்பி மெல்லியது. அந்த மின்னோட்டத்தில் சூடேறி ஷார்ட் ஆகலாம்.

கேபினெட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். தரையில் இருக்கும் ஒற்றைக் கேபினெட்டின் உச்ச ஒலி முழங்காலோடு போய்விடும். தனக்குக் கேட்காததால் வாசிப்பவர் வால்யூமை ஏற்றுவார், முதல் வரிசையில் இருப்பவர்கள் காதைப் பொத்துவார்கள். கீழே உள்ளே வெற்றிடமான மரப் பலகை மேடையாக இருந்தால் கேபினெட்டுக்கு அடியில் கனமான ஃபோம் ஒன்றைக் கொடுங்கள். மூலையில் வைத்தால் கீழ் ஒலி வீங்கும், அப்போது ஆம்பில் கீழ் ஒலிக்கான பேஸ் குமிழை இறக்குவது தவிர வழியில்லை.

ஈக்யூவை (ஒலியின் மேல், நடு, கீழ் அளவுகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) வீட்டில் தனியாக வாசித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தனியாகக் கேட்கும்போது அருமையாக இருக்கும் அந்த ஆழமும் பளபளப்பும் பேண்டோடு சேர்ந்தவுடன் மறைந்துவிடும். கிக் டிரம் கீழே இடம் பிடித்துக்கொள்ளும், சிம்பல் மேலே பிடித்துக்கொள்ளும். மந்தமாக இருந்தால் 200 முதல் 250 ஹெர்ட்ஸைக் கொஞ்சம் குறையுங்கள். நோட்டு எதுவென்று தெரியவில்லை என்றால் 800 ஹெர்ட்ஸுக்கு மேலே இரண்டு மூன்று டெசிபல் ஏற்றுங்கள். அது தனியாகக் கேட்க மூக்கடைத்த மாதிரி இருக்கும், பாட்டுக்குள் தெளிவாக நிற்கும். ஆம்பிலிருந்து டிஐ கொடுத்தால் ‘ப்ரீ’யில் (ஈக்யூவுக்கு முந்தைய சிக்னல்) வைத்துவிடுங்கள். மேடைக்காக நீங்கள் திருகும் ஒவ்வொரு திருகலும் மிக்ஸர் ஆபரேட்டரின் வேலையைக் கெடுக்க வேண்டாம்.

இரைச்சல் வந்தால் பதறாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பேஸ் வால்யூமைச் சுழியத்துக்கு இறக்கியதும் நின்றால் பிக்கப் சார்ந்தது. திரும்பி நின்று பாருங்கள், விளக்கையும் பவர் சப்ளையையும் விட்டு விலகிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் கேபிள் அல்லது கிரவுண்ட். டிஐயில் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைப் போடுங்கள். எந்த நிலையிலும் மின் பிளக்கின் எர்த் முனையைத் துண்டிக்காதீர்கள். பழுதான ஆம்பின் மின்சாரம் ஸ்டிரிங்குக்கு வந்து, உதடு மைக்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

நாள்பட முதலில் போவது கேபிளின் முனை. கம்பி பிளக்குக்குள் நுழையும் இடத்தை மெதுவாக வளைத்துப் பார்க்கும்போது சரசரத்தால் வெட்டிப் புதிதாகச் சால்டர் செய்யுங்கள். அடுத்தது பேஸின் அவுட்புட் ஜாக். அதைப் பிடித்திருக்கும் மரை நட் தளர்ந்து ஜாக் சுழலும், உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டு அறும். அந்த நட்டை முறுக்கும்போது உள்பக்கம் ஜாக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சேடிலின் சின்ன உயர ஸ்க்ரூக்கள் அதிர்வில் தானாக இறங்கி, ஒரு ஸ்டிரிங் மட்டும் திடீரென்று தட்ட ஆரம்பிக்கும். ஸ்க்ரூவின் மரையில் ஒரு துளி நெயில் பாலிஷ் போதும். ஸ்டிராப் பட்டன் ஓட்டை தளர்ந்தால் மரப்பசை தடவிய மெல்லிய மரக்குச்சிகளை அடைத்து, காய்ந்த பிறகு ஸ்க்ரூவை ஏற்றலாம், கூடவே ஸ்டிராப் லாக்கும் மாட்டிவிடலாம். வயர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை காலி அரங்கில் ஒழுங்காக வேலை செய்யும், கூட்டமும் அத்தனை கைபேசிகளும் வந்த பிறகு அறுந்து அறுந்து வரும். கேபிள் பக்கத்தில் தயாராக இருக்கட்டும்.

கிளாஸ் டி ஹெட் இரண்டு மூன்று கிலோதான், தோளுக்கு வரம். ஆனால் பழுதானால் நின்ற இடத்தில் சரிசெய்ய ஒன்றும் இருக்காது, பெரும்பாலும் போர்டையே மாற்ற வேண்டிவரும். அதனால் டிஐ பாக்ஸ் ஆம்புக்கு முன்னால், பெடல் வரிசையின் முடிவில் இருக்கட்டும். ஆம்ப் அணைந்தாலும் மிக்ஸருக்குப் போகும் சிக்னல் அறாது. மானிட்டரில் பேஸை ஏற்றச் சொல்லி மிக்ஸர் ஆபரேட்டருக்குக் கை காட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகலாம்.