சிவப்புக் காலிப்பரின் விலை: பிரேக் மாற்ற நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காகத் தங்கள் ஹேட்ச்பேக் காரின் பிரேக்கை மேம்படுத்த எண்ணியிருப்பவர்கள், குறிப்பாகச் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிட வேண்டுகிறேன். 1,38,000 ரூபாய் செலவழித்து, முன்பு இருந்ததைவிட மோசமான பிரேக்கை நான் வாங்கிய கதை இது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தால் ஒரு கடையை மட்டும்தான் தவிர்ப்பீர்கள். அவர்கள் செய்த வேலையின் விவரம் தெரிந்தால் அதே வேலையைச் செய்யும் வேறு கடைகளையும் அடையாளம் காண்பீர்கள்.

என்னிடம் இருப்பது ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. முன்புறம் காற்றோட்ட டிஸ்க், பின்புறம் டிரம். சாலையில் அதன் பிரேக்கைப் பற்றி எனக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை. சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், 3.717 கிலோமீட்டர் கொண்ட சுற்றை நான்காவது முறை ஓட்டியபோது, நேர்ப்பாதையின் முடிவில் பெடல் பஞ்சுபோல் இறங்கியது. மெதுவாகக் கார்களை நிறுத்தும் பிட்டுக்குத் திரும்பி அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகு பெடலுக்கு ஓரளவு உயிர் வந்தது. அன்றைக்கு அதன் பொருளை நான் புரிந்துகொண்டிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

தடத்தில் பிரேக் தோற்பது பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான். டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டால் பெடல் கல்போல் கெட்டியாக இருக்கும், ஆனால் கார் நிற்காது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் குழாய்க்குள் நீராவிக் குமிழ்கள் உருவாகும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்த முடியும் என்பதால் பெடல் அடிவரை இறங்கிவிடும். எனக்கு நேர்ந்தது இரண்டாவது. ஓட்டுநருடன் சேர்த்து ஏறத்தாழ 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 70 கிலோமீட்டருக்குக் குறையும்போது சுமார் 9.6 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதில் பெரும்பங்கை முன்சக்கர டிஸ்க்குகளே வாங்கிக்கொள்வதால், ஒரே ஒரு அழுத்தத்தில் அவற்றின் சூடு நூறு டிகிரிக்கும் மேல் ஏறக்கூடும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

அடுத்த வாரம் நான் போன கடையின் உரிமையாளர் என் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், ஸ்டாக் பிரேக்கை வச்சுக்கிட்டு டிராக்குக்குப் போறதே தப்பு" என்றார். பெடல் கெட்டியாக இருந்ததா, இறங்கியதா என்று அவர் கேட்கவே இல்லை. எத்தனையாவது சுற்றில் பிரச்சினை வந்தது, ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்றும் கேட்கவில்லை. நான்கு பிஸ்டன் கொண்ட சிவப்புக் காலிப்பர் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்), துளையிட்ட பெரிய டிஸ்க், 'ரேஸ்' பேட், 'ரேசிங்' ஆயில் எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பைக் காட்டினார். நானும் அந்தச் சிவப்பில் மயங்கிப்போனேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, வேலை முடிந்ததும் தருவதாகச் சொல்லி, எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட ஒரு தாளை மட்டும் கொடுத்தார். அந்தத் தாளிலும் ஒரு பொருளுக்குக்கூடத் தயாரிப்பாளர் பெயரோ பாக எண்ணோ இல்லை.

காரை எடுத்த நாளிலேயே பெடல் வழக்கத்தைவிட நீளமாக இறங்கியது. "ரெண்டு நாள்ல செட் ஆயிடும் சார்" என்றார்கள். இரண்டு வாரமாகியும் ஆகவில்லை என்று திரும்பிப் போனபோது, பின்புற டிரம்களையும் டிஸ்க்காக மாற்றினால்தான் சமநிலை வரும் என்று சொல்லி இன்னும் 60,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நல்லவேளையாக அதற்கு நான் இணங்கவில்லை.

அடுத்த தட நாளில் மூன்றாவது சுற்றின் முதல் வளைவிலேயே பெடல் தரையைத் தொட்டது. கியரைக் குறைத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, தடத்துக்கு வெளியே மண்ணில் போய் நின்றேன். எனக்கும் காருக்கும் அடி எதுவும் படவில்லை. அங்கு இருந்த நண்பர் ஒருவர் தம் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பார்த்ததில், வலதுபுற டிஸ்க் இடதைவிட 60 டிகிரி கூடுதல் சூடாக இருந்தது.

காரணத்தை அறிய வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, முழுநேரமும் பக்கத்திலேயே நின்றேன். முதலில் ஆயில். சூடாக்கிச் சோதிக்கும் கருவியில் அது 171 டிகிரியிலேயே கொதித்தது. டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்துக்கான குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 155 டிகிரி. தடத்துக்கென விற்கும் நல்ல ஆயில்கள் புதிதாக 300 டிகிரியைத் தாண்டுகின்றன. ஆகவே ரேசிங் ஆயில் என்று எனக்கு விற்கப்பட்டது, ஒன்று மாற்றவே படாத பழைய ஆயில், அல்லது பல நாள் மூடி திறந்து கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றியது. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். சென்னைக் காற்றில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

அடுத்தது டிஸ்க். துளையிட்டது தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் இது துளையோடு தயாரான டிஸ்க் அல்ல, சாதாரண டிஸ்க்கில் பிறகு துளை போட்டது. சில துளைகள் உள்ளே காற்றுக்காக விட்ட தகடுகளையே வெட்டிக்கொண்டு போயிருந்தன. ஒரே தட நாளில் மூன்று துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் விழுந்திருந்தது. அதைவிட மோசம், இரண்டுமே இடப்பக்கத்துக்கான டிஸ்க்குகள். இந்த வகையில் உள்ளிருந்து வெளியே செல்லும் தகடுகள், சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசைக்குப் பின்னோக்கி வளைந்திருந்தால்தான் காற்றைச் சரியாக வெளியே தள்ளும். வலதுபுறத்தில் அது தலைகீழாக இருந்தது. அந்த 60 டிகிரியின் காரணம் அப்போதுதான் விளங்கியது.

பேடின் விளிம்பில் உராய்வுக் குறியீடு எதுவும் அச்சிடப்பட்டிருக்கவில்லை. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் முறைப்படி அங்கே இரண்டு எழுத்துகள் இருப்பது வழக்கம்; முதலாவது குறைந்த சூட்டிலும் இரண்டாவது மிகுந்த சூட்டிலும் உள்ள உராய்வைக் குறிக்கும். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. குறியீடு இருப்பதாலேயே பேட் தடத்துக்கு ஏற்றது ஆகிவிடாது. ஆனால் எழுத்தே இல்லாத பேடை என்னவென்று நம்புவது?

காலிப்பரையும் அளந்தோம். பழைய ஒற்றைப் பிஸ்டனின் விட்டம் 54 மில்லிமீட்டர், புதியதில் நான்கும் 42 மில்லிமீட்டர். ஒரு பக்கத்துப் பரப்பை மட்டும் ஒப்பிட்டாலே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் வருகிறது. பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர் பழையதே என்பதால், அதே அழுத்தத்துக்குக் கூடுதல் ஆயிலைத் தள்ளப் பெடல் நீளமாகத்தான் இறங்கும். முன்சக்கரங்களின் பங்கும் நிறுவனம் வகுத்த விகிதத்தை மீறிவிடும். செட் ஆகிவிடும் என்று அவர்கள் சொன்னது எந்நாளும் செட் ஆகாத ஒன்று.

படங்களோடும் மெக்கானிக் எழுதித் தந்த குறிப்போடும் கடைக்குப் போனேன். முதலில் நான் ஓட்டிய விதம்தான் தவறு என்றார்கள். பிறகு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி, இந்த மாற்றமே சட்டப்படி சிக்கலானது, புகார் கொடுத்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான் என்று மிரட்டினார்கள். விற்கும்போது அந்தப் பிரிவு அவர்கள் நினைவுக்கு வரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்த பிறகு 25,000 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். மீதித் தொகைக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். வங்கி வழியாகப் பணம் செலுத்தியிருந்ததால் மட்டுமே என்னிடம் சான்று இருக்கிறது. தடத்தில் நேரும் சேதத்துக்கு வழக்கமான வாகனக் காப்பீட்டில் இழப்பீடு எதிர்பார்க்க முடியாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

பழைய காலிப்பர்களைத் திருப்பித் தரும்படி முதல்நாளே கேட்டு வாங்கி வைத்திருந்தேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அவற்றையே மீண்டும் பூட்டி, துளையில்லாத புதிய டிஸ்க், விளிம்பில் குறியீடும் பெட்டியில் பாக எண்ணும் உள்ள தடப் பேட், என் கண்முன்னே சீல் உடைத்து ஊற்றிய ஆயில் ஆகியவற்றோடு வேலை 30,000 ரூபாய்க்குள் முடிந்தது. காலி டப்பாக்களையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். சாலையில் பலமுறை பிரேக் பிடித்துப் புதிய பேடைப் பதப்படுத்திய பிறகு, சென்ற முறை ஆறு சுற்றுகள் தொடர்ந்து ஓட்டி, ஏழாவதை மெதுவாக ஓட்டி ஆறவிட்டேன். பெடல் இறங்கவில்லை.

அந்தக் கடையின் வரவேற்பறைச் சுவரில், சிவப்புக் காலிப்பர் தெரியும்படி எடுத்த என் காரின் படம் இன்னும் தொங்குகிறது. எடுத்துவிடும்படி இரண்டு முறை எழுதிவிட்டேன், எடுக்கவில்லை.