பயின் துண்டுக்குள் ஒரு பூச்சி: ஆதியாகமத்தையும் பரிணாமத்தையும் சேர்த்து வாசிக்கும் வழிகள்

அப்பத்தாவின் தையல் டப்பாவில் ஊசி, பொத்தான்களுக்கு நடுவே கட்டைவிரல் நகம் அளவு ஒரு அம்பர் துண்டு, அதாவது கல்லாகிப்போன பழங்கால மரப்பிசின், கிடக்கும். இங்கே பர்மியர்கள் அதைப் பயின் என்பார்கள். லுங்கி விளிம்பில் நன்றாகத் தேய்த்துக் காட்டினால் காகிதத் துணுக்கு வந்து ஒட்டும். உப்பு நிறையக் கரைத்த தண்ணீரில் போட்டால் மிதக்கும்; கண்ணாடியாக இருந்தால் மூழ்கிவிடும். வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே கொசு மாதிரி ஒரு பூச்சி தெரியும். ஒரு இறக்கை மடிந்திருக்கும், வயிற்றை ஒட்டி ஒரு காற்றுக் குமிழி.

ரங்கூனில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் ஆதியாகமம் முதல் அதிகாரம் நடத்தியபோது இதைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒன்பதாவது படிக்கிற பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சயாமா (பர்மியத்தில் டீச்சர்), இந்தப் பூச்சி செத்தப்போ ஆதாம் இருந்தாரா?"

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வேதத்தையும் அறிவியலையும் சேர்த்துப் பார்க்க விசுவாசிகள் பல வழி சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் இந்தப் பூச்சிக்கு முன்னால் நிறுத்திப் பார்ப்போம்.

முதலில் வயது. நம் நாட்டு அம்பர் பெரும்பாலும் கச்சின் மாநிலத்து ஹூக்கௌங் பள்ளத்தாக்கிலிருந்து வருவது. அது புதைந்திருக்கும் எரிமலைச் சாம்பல் படிவில் சிர்க்கோன் என்ற நுண்ணிய படிகங்கள் உண்டு. அவை உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. யுரேனியம் ஈயமாக மாறும் வேகம் நமக்குத் தெரியும். யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி வருஷம் ஆகும். அதனால் உள்ளே எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது கிடைக்கும். 2012-இல் வெளியான அளவீட்டில் வந்தது ஏறக்குறைய 9 கோடியே 90 லட்சம் வருஷம்.

இப்போது முதல் வழி: ஆறு நாள் என்றால் 24 மணி நேர நாள் ஆறு, பூமிக்கு வயது சில ஆயிரம் வருஷம்தான். அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 17-ஆம் நூற்றாண்டில் வேதத்தின் வம்ச வரலாறுகளைக் கூட்டிப் பார்த்து, சிருஷ்டிப்பு கி.மு. 4004-இல் நடந்தது என்றார். பாறைப் படிவுகளையும் புதைபடிவங்களையும் நோவா காலத்து வெள்ளத்தோடு முடிச்சுப் போடும் விளக்கம் பரவலானது 1961-இல் அமெரிக்காவில் விட்கம், மோரிஸ் இருவரும் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு. இந்த வழிக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பாவம் வந்த பிறகே மரணம் வந்தது என்பதை எந்தச் சிக்கலும் இல்லாமல் சொல்லிவிடலாம். எங்கள் சபையில் பெரியவர்கள் பலர் இதைப் பிடித்துக்கொண்டிருப்பதும் அதற்காகத்தான். அது பிடிவாதம் இல்லை, பக்தி.

ஆனால் அதற்கு அந்தச் சிர்க்கோன் படிகங்களையே பொய்சாட்சி ஆக்க வேண்டியிருக்கிறது. வருஷக் கணக்கிலும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அப்பத்தாவின் வேதாகமத்தில் முன்பக்கத்து வெற்றுத் தாளில் குடும்ப வம்சம் எழுதியிருக்கிறது. 1942-இல் குண்டுவீச்சுக்குப் பயந்து ஜனங்கள் கால்நடையாக இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். வழியில் இறந்துபோன இரண்டு பேர் அதில் இல்லை. வைத்தியரான பெரிய தாத்தா மட்டும் மூன்று வரி பிடித்திருக்கிறார். நாம் யார் பிள்ளைகள் என்று சொல்லத்தான் அப்பத்தா எழுதினார். வருஷத்தைக் கூட்டிப் பார்க்க எழுதவில்லை. மத்தேயு முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். உசியாவுக்கு முன் அகசியா, யோவாஸ், அமத்சியா என்ற மூன்று ராஜாக்களை விட்டுவிட்டுப் பதினான்கு பதினான்கு தலைமுறை என்று எழுதியிருக்கிறது. வம்ச அட்டவணை அப்படித்தான் பேசும். அதைக் கூட்டிப் பூமியின் வயதைச் சொல்வது அதன்மேல் இல்லாத பாரத்தை ஏற்றுவது.

இரண்டாவது, இடைவெளிக் கொள்கை. ஸ்காட்லாந்தின் தாமஸ் சால்மர்ஸ் 1814-இல் சொன்னது. 1909-இல் வந்த ஸ்கோபீல்டு குறிப்பு வேதாகமம் வழியாக ஊழியர்களிடையே பரவியது. முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவே கோடிக்கணக்கான வருஷம், அதில் ஒரு பழைய உலகம் அழிந்தது, பிறகு ஆறு நாளில் புதுப்பித்தார் என்பார்கள். இதற்கு, பூமி வெறுமையாய் "ஆயிற்று" என்று படிக்க வேண்டும். நம் தமிழ் வேதாகமமோ வெறுமையாய் "இருந்தது" என்றுதான் சொல்கிறது. என் பூச்சியும் இதற்கு ஒத்துவரவில்லை. பழைய உலகம் அடியோடு அழிந்திருந்தால் அந்த அம்பரில் இருப்பவை இன்றைய உலகத்தோடு தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். ஆனால் அதில் எறும்பு, கரப்பான், சிலந்தி, வண்டு எல்லாம் இருக்கின்றன. இன்றைக்கு உள்ளவற்றின் முன்னோர் வரிசை அறுபடாமல் வருகிறது.

மூன்றாவது, ஒரு நாள் என்றால் ஒரு யுகம். "கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போல" என்ற பேதுருவின் வசனத்தைக் காட்டுவார்கள். நம்மவர்களுக்கு இது உடனே பிடித்துவிடும். எனக்கும் வருஷக்கணக்காக இதுதான் பதில். விட்டதற்குக் காரணம் வரிசை. மூன்றாம் நாளில் கனிதரும் மரங்கள், நான்காம் நாளில் சூரியன், ஐந்தாம் நாளில் மீனும் பறவையும், ஆறாம் நாளில் தரை மிருகங்கள். பாறைகள் சொல்லும் வரிசை வேறு: மீன்கள் வந்து முப்பது கோடி வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான் பூக்கும் தாவரங்கள். பறவையோ தரைமேல் நடந்த டைனோசர் வழியாக வந்தது. இதற்கும் கச்சின் அம்பரே சாட்சி. 2015-இல் மிச்சினா அம்பர் சந்தையில் சீன ஆய்வாளர் லிடா ஷிங் ஒரு துண்டைப் பார்த்தார். வியாபாரி அதற்குள் இருப்பது ஏதோ செடி என்று நினைத்திருந்தார். அது குருவி அளவு டைனோசர் குட்டியின் வால்; எட்டு முள்ளெலும்பு, சுற்றிலும் இறகு. 2016 டிசம்பரில் செய்தி வந்தபோது நான் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளை யுகமாக நீட்டினாலும் வரிசை நேராகாது. அதோடு, சாயங்காலமும் விடியற்காலமும் என்று வேதம் அத்தனை தெளிவாகச் சொல்வதை இந்த வழி கண்டுகொள்வதே இல்லை. வேதமும் வளைகிறது, பாறையும் வளைகிறது.

புத்திசாலித்தனமான வடிவமைப்பு என்று ஒரு கட்சி இருக்கிறது. இயற்கையால் விளக்க முடியாத இடத்தைக் காட்டி அங்கே தேவனை வைப்பது. நாளைக்கு விளக்கம் கிடைத்தால் தேவன் ஒதுங்க வேண்டுமா? அது எனக்கு வேண்டாம்.

நான்காவது வழி நாட்களை வருஷக் கணக்காகப் பார்க்காமல் கட்டமைப்பாகப் பார்ப்பது. நெதர்லாந்து அறிஞர் நோர்ட்ஸை 1924-இல் இதை விரித்து எழுதினார். கரும்பலகையில் போட்டால் பிள்ளைகளுக்கே விளங்கிவிடுகிறது. முதல் நாள் வெளிச்சம், நான்காம் நாள் சூரிய சந்திரர். இரண்டாம் நாள் வானமும் தண்ணீரும், ஐந்தாம் நாள் பறவையும் மீனும். மூன்றாம் நாள் நிலமும் செடியும், ஆறாம் நாள் மிருகமும் மனுஷனும். முதல் மூன்று நாள் வீடு கட்டுகிறார், அடுத்த மூன்று நாள் குடியேற்றுகிறார். சூரியன் வராத முதல் மூன்று நாளில் சாயங்காலம் எப்படி என்று 3-ஆம் நூற்றாண்டிலேயே ஒரிகன் கேட்டிருக்கிறார். டார்வினுக்குப் பயந்து பிறந்த கேள்வி இல்லை அது. இரண்டாம் அதிகாரத்தில் மனுஷன் முதலில், மிருகங்கள் பிறகு. அடுத்தடுத்து இரண்டு வரிசையை வைத்த நூல் என்னிடம் தேதி கேட்காதே என்றுதான் சொல்கிறது.

இதோடு சேர்ந்து வருவது ஐந்தாவது: தேவன் பரிணாமத்தின் வழியாகவே சிருஷ்டிக்கிறார். டார்வினின் நண்பர் ஏசா கிரே, மனித மரபணுத் திட்டத்தை நடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் இருவரும் விசுவாசிகள். கத்தோலிக்கத் திருச்சபையில் போப் 12-ஆம் பத்திநாதர் (பயஸ்) 1950-இல் மனித உடலின் தோற்றத்தை ஆராயலாம், ஆன்மாவோ நேராகக் கடவுளிடமிருந்து என்றார். 1996-இல் போப் இரண்டாம் யோவான் பவுல் பரிணாமம் வெறும் கருதுகோளுக்கும் மேலானது என்று ஒப்புக்கொண்டார். எனக்கோ 24-ஆம் வசனத்தின் ஒரு சொல் போதும்: பூமி ஜீவஜந்துக்களைப் "பிறப்பிக்கக்கடவது". கட்டளை தேவனுடையது, பிறப்பிப்பது பூமி. நம் நாட்டுப் பொண்டாங் மலைப்பகுதியில் மண்ணைச் சலித்துச் சலித்து ஆறு வருஷத்தில் கண்டெடுத்த நான்கே நான்கு பற்களை வைத்து, குரங்கினத்தின் தொடக்ககால உறவான அஃப்ரேசியாவை 2012-இல் அடையாளம் கண்டார்கள். 3 கோடியே 70 லட்சம் வருஷம். நம் முன்னோரின் நெருங்கிய உறவுகள் இந்த மண்ணிலும் நடமாடியிருக்கின்றன என்று பிள்ளைகளிடம் சொன்னபோது யாரும் விசுவாசத்தை இழக்கவில்லை.

சரி, விலை என்ன? இரண்டு. ஒன்று ஆதாம். மனித இனம் ஒருபோதும் இரண்டே பேராகச் சுருங்கியதில்லை, ஆயிரக்கணக்கில் இருந்தது என்று மரபணு ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஏற்கனவே இருந்த மக்களிலிருந்து தேவன் ஒரு தம்பதியை அழைத்தார் என்று சிலர் வாசிக்கிறார்கள். என்னைக் கண்டவன் கொன்றுபோடுவான் என்று ஆதாமின் மகன் காயீன் பயந்தானே, பட்டணம் கட்டினானே. அந்த ஆட்கள் யார்? இந்த வாசிப்பில் எனக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனால் வேதத்தோடு சண்டை போடாத வாசிப்பு.

மற்றது மரணம். அந்தப் பையன் தொட்டது இதைத்தான். 2020-இல் வெளியான ஒரு கச்சின் அம்பர் படத்தில், அரிவாள் தாடை உள்ள, 'நரக எறும்பு' என்கிற அழிந்துபோன வகை எறும்பு ஒன்று கரப்பானின் உறவான ஒரு பூச்சியின் கழுத்தைக் கவ்விப் பிடித்திருக்கிறது. அப்படியே பிசின் மூடிவிட்டது. மனுஷன் பாவம் செய்வதற்கு முன்னால், அந்தப் பிடி. ரோமர் 5:12-இல் பவுல் மனுஷருக்கு வந்த மரணத்தைச் சொல்கிறார் என்று அதே வசனம் காட்டுகிறது. பிராணிகளுக்குப் பசும்பூண்டு ஆகாரம் என்று ஆதியாகமம் 1:30 சொல்வதும் உண்மை; அதை நான் ஒளிக்கவில்லை. ஆனால் 104-ஆம் சங்கீதத்தில் பாலசிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சித்துத் தேவனிடத்தில் ஆகாரம் தேடுகின்றன, அதைப் பார்த்துத்தான் சங்கீதக்காரன் துதிக்கிறான். ஐந்து வழியில் நான் நிற்பது இந்தக் கடைசி இரண்டும் சேரும் இடத்தில், இந்த வலியோடு.

அம்பர் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2017 முதல் ஹூக்கௌங் சுரங்கங்களைச் சுற்றி நடந்த சண்டையில் ஜனங்கள் வீடு வாசல் இழந்தார்கள். புதுத் துண்டு நான் வாங்க மாட்டேன். அப்பத்தாவின் துண்டு போதும்.

பையனிடம் சொன்னேன்: "இல்லை ராஜா, ஆதாம் அப்போ இல்லை. இது செத்தது தண்டனை இல்லை." கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்போ இதுக்கு வலிச்சிருக்குமா சயாமா?" என்றான். அடுத்த ஞாயிறு 104-ஆம் சங்கீதம் வாசிக்கிறோம். டப்பாவை மறக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறான்.