பஞ்சா, ஃபோமா, இயர்மஃப்பா? தறிக்குடோனுக்கு எது

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்கள் காதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, மிஞ்சினால் கழிவுப் பஞ்சை உருட்டிச் செருகியிருப்பார்கள். பஞ்சை முதலிலேயே தள்ளிவிடலாம். காற்று நுழைகிற சந்தில் சத்தமும் நுழையும்.

நாடாத் தறிகள் வரிசையாக ஓடும் குடோனில் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) வகுத்த கணக்கில் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம்தான் எல்லை, அதற்கு மேல் 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும், அப்படிப் போனால் 94-க்கு ஒரே மணி நேரம். நம் ஆட்கள் நிற்பதோ 12 மணி நேர ஷிப்ட். "பழகிடும்" என்பார்கள், பழகியதாக நினைப்பது பல சமயம் உள்காதின் மயிர்செல்கள் செத்துப்போனதைத்தான், அவை திரும்ப முளைக்காது.

சரி, இயர்மஃப், அதாவது ஹெட்போன் மாதிரி காதை வெளியிலிருந்து மூடும் கிண்ணம். மாட்ட எந்தப் பயிற்சியும் வேண்டாம், எண்ணெய்க் கையோடும் மாட்டலாம். ஆனால் சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு நின்று பாருங்கள், வேர்வை வழிந்து பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கழற்றத்தான் தோன்றும். அங்கேதான் கணக்கே கெடுகிறது: 30 டெசிபல் குறைக்கும் சாதனத்தை 8 மணி நேரத்தில் அரை மணி நேரம் கழற்றி வைத்தாலே மொத்தப் பலன் சுமார் 12 டெசிபலாகிவிடும். கண்ணாடி போட்டவர்களுக்கு கண்ணாடிக் காம்பு வழியாகவும் சத்தம் கசியும்.

அதனால் தறிக்கு என் ஓட்டு காதுக்குள் செருகும் ஃபோம் அடைப்பானுக்கு. விலை குறைவு, வெக்கை கிடையாது. குறை என்னவென்றால் பாதிப்பேர் தப்பாகவே போடுகிறார்கள், காது வாசலில் தொங்கும் அடைப்பானும் பஞ்சும் ஒன்றுதான். கையைக் கழுவிவிட்டு மெல்லிசாக உருட்டி, மறு கையால் தலைக்குப் பின்னாலிருந்து காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது உப்பும்வரை அரை நிமிஷம் விரலால் பிடித்திருக்க வேண்டும்.

இயர்மஃப் வீண் என்று சொல்லவில்லை, டைல்ஸ் அறுப்பதுபோல விட்டுவிட்டு வரும் வேலைக்கு அதுதான் வசதி. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் குறைக்கும் டெசிபலைக் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், கூடுதலாகக் குறைவது 5 டெசிபல் அளவுக்குத்தான்.

அப்புறம் அந்த நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன். பஸ், விமான இரைச்சல் மாதிரி ஒரே சீரான 'ம்ம்ம்'முக்குச் செய்தது அது. நாடா அடிக்கும் 'டக்டக்'குக்கு அதை நம்பி இறங்க வேண்டாம்.