100 மில்லி கண்ணாடி சிரிஞ்ச்: தீவன ஆய்வகத்துக்கு வாங்கலாமா?

மாடு தீவனத்தை எவ்வளவு செரிக்கும் என்று பார்க்க எங்கள் ஆய்வகத்தில் புழங்குவது இந்தக் கண்ணாடி சிரிஞ்ச்தான். ஜெர்மனியின் ஹோஹன்ஹைமில் மென்கே குழு 1979-ல் வெளியிட்ட முறை. 200 மி.கி. அரைத்த தீவனம், 30 மி.லி. கலவை (ஒரு பங்கு ரூமன் திரவம், அதாவது மாட்டின் முதல் வயிற்றிலிருந்து எடுத்த நுண்ணுயிர் நிறைந்த நீர்; இரண்டு பங்கு பஃபர், அதாவது அமிலத்தன்மை மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்), 39 டிகிரி வெந்நீர், 24 மணி நேரம். நுண்ணுயிர்கள் தின்னத் தின்ன வாயு கிளம்பிப் பிஸ்டனைத் தள்ளும்; எத்தனை மில்லி ஏறியது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

பிளாஸ்டிக் சிரிஞ்ச் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ரப்பர் பிடித்துக்கொள்ளும், பிஸ்டன் விட்டுவிட்டுத்தான் நகரும். கண்ணாடியில் வாஸ்லினை விரலால் மெலிதாகத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். அதிகம் பூசினால் வழிந்து தீவனத்தில் ஒட்டிவிடும். கழுவும்போது ஒரு குழாயின் பிஸ்டனை இன்னொன்றில் மாற்றிப் போட்டுவிடாதீர்கள், வாயு கசியும். வாயை மூடக் கூடவே வரும் கிளிப்தான் சொதப்பல்: எங்களுடையது சீக்கிரமே துருப்பிடித்தது, தனியாக வாங்கிக்கொண்டோம்.

செரிமானத்தை அளக்கும் பழைய டில்லி-டெர்ரி முறை (1963) 48 மணி ரூமன் திரவம், அப்புறம் 48 மணி பெப்சின் (புரதத்தைச் செரிக்கும் நொதி) என்று நான்கு நாள் தின்றுவிட்டு ஒரே எண்ணைத் தரும். சிரிஞ்சில் 3, 6, 12 மணிக்கு எட்டிப் பார்த்தாலே வேகம் தெரிந்துவிடும். வைக்கோல் ஆரம்பத்தில் அசையவே அசையாது. மக்காச்சோள மாவு சரசரவென்று ஏறும்.

ஆனால் வாயு வேறு, செரிமானம் வேறு. புரதம் நொதித்தால் வாயு குறைவு, கொழுப்பில் கிட்டத்தட்ட இல்லை. அதனால் பிண்ணாக்கையும் சோளத்தட்டையையும் மில்லியை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பிண்ணாக்குக்கு அநியாயம். சிரிஞ்சில் மிஞ்சியதை நியூட்ரல் டிடர்ஜென்டில் (நாரை விட்டு மற்றதைக் கரைக்கும் சோப்புக் கரைசல்) கொதிக்க வைத்து, கரையாத நாரை எடை போட்டால்தான் உண்மையான செரிமானம் தெரியும். மரத்தழைகளுக்கு இன்னொரு வசதி உண்டு. கருவேலந்தழை போன்றவற்றை அப்படியே ஒரு சிரிஞ்சிலும், பாலிஎதிலீன் கிளைகால் சேர்த்து இன்னொன்றிலும் வையுங்கள். தழையில் உள்ள டானினை, அதாவது நொதித்தலை அடக்கும் துவர்ப்புப் பொருளை, அது பிடித்துக்கொள்ளும். வாயு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவும் டானின் அடக்கி வைத்திருந்தது. இந்த ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம்.

பத்து வாங்கினால் பத்தாது. தீவனம் ஒன்றுக்கு மூன்று, தீவனம் போடாத வெறும் கலவைக்கு மூன்று, ஏற்கெனவே அளவு தெரிந்த வைக்கோலுக்கு மூன்று. ரூமன் திரவம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் கடைசி ஆறையும் எந்தத் தொகுதியிலும் விட முடியாது. உடைவதற்கும் சேர்த்து முப்பதாக ஆர்டர் போடுங்கள்.